கல்லடைப்புக்குப் போன எடத்துல கட்டிலு நாயமும் பேசி அனுப்புனாரு – திருப்பூர் யூராலஜி கிளினிக், 4 ஸ்டார்

மொதல்லயே சொல்லிர்றேன், கிட்னி கல்லுக்கு திருப்பூர் ஈரோடு கோயமுத்தூர் எங்க போனாலும் ஊசியும் ஸ்கேனும் மாத்திரையும் ஒன்னுதானுங்க, அதுக்குன்னு தனியா ரிவ்யூ போட ஒன்னுமில்ல. நான் இந்தக் கிளினிக்குக்கு எழுதறது வேற விசயத்துக்கு. கல்லு உள்ள இருக்கறப்ப புருசன் பொண்டாட்டி ஒன்னா இருக்கலாமா கூடாதா, கல்லுக்குக் குடுக்கற மாத்திரை போட்டா அந்த விசயத்துல ஏன் மாத்தம் வருது, இதையெல்லாம் நாங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அவரா எடுத்துப் பேசுன ஒரே டாக்டரு இவருதான். பேசலைன்னா எங்கூட்டுல என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வெசனமா இருக்குது.

நான் அவினாசி ரோட்டுப் பக்கம் சின்னதா பனியன் தைக்கற பவர்டேபிள் யூனிட் ஒன்னு வெச்சிருக்கறனுங்க, 12 மிசினு. வெடியால 8 மணிக்கு உள்ள போனா பொழுதோட 8 மணி ஆயிரும், சிப்மெண்ட் இருந்தா ராத்திரி 12. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணும், போயிட்டு வந்தா அங்க ஒரு மிசினு நின்னிருக்கும், அதனால தண்ணியே குடிக்க மாட்டேன், டீ மட்டும் ஏழெட்டு. அயர்னிங் டேபிள் ஸ்டீம்ல ஒடம்பு பூரா வேர்த்துக் கொட்டும். போர்ல வர்றது உப்புக் கரிக்கற சப்பத் தண்ணி, நம்மூர்ல யாருக்குக் கல்லு வந்தாலும் தண்ணியத்தான் திட்டுவம், நானும் அதத்தான் திட்டீட்டிருந்தேன்.

சித்திரையில ஒரு சனிக்கெழம, சம்பளம் பிரிச்சுக் குடுத்துட்டிருந்தப்பதான் ஆரம்பிச்சுது. இடது பக்கம் விலாவுக்குக் கீழ யாரோ முறுக்கிப் புழியற மாதிரி, அப்படியே எறங்கி தொடை இடுக்கு வழியா விதை வரைக்கும் இழுக்குது. நின்னாலும் வலி, ஒக்காந்தாலும் வலி, படுத்தாலும் வலி. கட்டிங் டேபிளுக்கு அடியில போயி சுருண்டுட்டனுங்க, எண்ணீட்டிருந்த பணம் கைல அப்படியே கசங்கிப் போச்சு. எங்க அயர்ன் மாஸ்டருதான் டிவிஎஸ் எக்ஸெல்ல பின்னாடி ஒக்கார வெச்சு, விழுந்துருவன்னு ஒரு துண்டுல என்னையும் அவரையும் சேத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. வழியில ரெண்டு எடத்துல வாந்தி.

அன்னிக்கிப் போனது வேற ஆஸ்பத்திரி, பெரிய கட்டடம், பேரு வேண்டாமுங்க. வலி ஊசி போட்டாங்க, அரை மணி நேரத்துல உசுரு திரும்பி வந்துச்சு, அதுக்கு ஒரு கும்புடு. சாதா ஸ்கேன்ல கிட்னி சித்தெ வீங்கியிருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது, கல்லு தெரியல, அப்பறம் சிடி எடுத்தாங்க. கிட்னியிலிருந்து மூத்திரம் எறங்கற கொழாயி பையில சேர்ற எடத்துக்குக் கொஞ்சம் மேல 5 மில்லிமீட்டர் கல்லு. அஞ்சு மில்லிக்கா இந்த ஆட்டம்னு எனக்கே வெக்கமாப் போச்சு. டாக்டரு ரெண்டு நிமிசம் பாத்தாரு. "தானா வந்துரும், தண்ணி நல்லாக் குடிங்க, இது நைட்டு ஒன்னு, நாலு வாரம்", அவ்வளவுதான், அடுத்த பேசண்ட். அந்த நைட்டு மாத்திரை டாம்சுலோசின் 0.4. இந்தப் பேர ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே அதுலதான் இருக்குது.

ஊட்டுக்கு வந்தா ஆளுக்கொரு வைத்தியம். வாழத்தண்டு ஜூஸ், கொள்ளு ரசம், எங்க அம்மாயி பூளைப்பூவப் பறிச்சுட்டு வந்து காய்ச்சிக் குடுத்துச்சு, நம்ம பொங்கலுக்குக் காப்புக் கட்டற அதே பூளைப்பூதானுங்க, வேப்பலையும் ஆவாரம்பூவும் சேத்துக் கட்டுவமே அது. பங்காளி ஒருத்தன் ரெண்டு பீரு அடிச்சா கல்லு அடிச்சுட்டு வெளிய வந்துரும்னு டாஸ்மாக்குக்கே கூட்டிட்டுப் போகப் பாத்தான். அது போகட்டும், அந்த விசயத்துலயும் ஆளுக்கொரு நாயம். அம்மாயி என்ர ஊட்டுக்காரியக் கூப்புட்டு, கல்லு வந்தவன் பக்கத்துல படுக்காத அம்மிணி, சூடு எச்சாயிரும்னு சொல்லியிருக்குது. கட்டிங் மாஸ்டரு என்னடான்னா நேர் மாறா, அடக்கி அடக்கி வெச்சாத்தான் மாப்ள அது உள்ளயே கட்டிப்பட்டுக் கல்லாகுதுன்னு. ரெண்டையும் கேட்டு நான் எந்தப் பக்கம் படுக்கறதுங்க.

அஞ்சாறு நாள் ஆச்சு, வலி அடங்கிப் போச்சு. பெரியவனுக்கு 8 வயசு, ரெண்டாவதுக்கு ஒரு வருசமா நாங்க எதிர்பாத்துட்டு இருக்கறம், அதனால நாள் பாத்து இருக்கறதுதான் வழக்கம். அன்னிக்கி எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு, முடியற நேரத்துல முடிஞ்ச மாதிரியே உணர்ச்சி இருக்குது, ஆனா வெளிய ஒன்னுமே வல்லீங்க. ஒரு சொட்டு இல்ல. நான் எந்திரிச்சுப் போயி பாத்ரூம்ல லைட்டப் போட்டுட்டு எவ்வளவு நேரம் நின்னன்னே தெரியல. ரெண்டு நாள் கழிச்சு மறுக்காவும் அதே. அவகிட்ட சொல்ல வாய் வரல. அவளா கண்டுபுடிச்சு, என்னன்னு கேட்டா, ஒன்னுமில்ல போன்னு எரிஞ்சு விழுந்துட்டேன். அவ என்ன நெனச்சுட்டான்னா எனக்கு ரெண்டாவது கொழந்தையில இஷ்டமில்ல, வேணும்னே ஏதோ பண்றேன்னு. நான் நெனச்சது கல்லு நரம்ப அறுத்துருச்சு, நம்ம கதை முடிஞ்சுதுன்னு. பக்கத்துப் பக்கத்துல படுத்துட்டு ரெண்டு பேரும் வேற வேற பயத்துல நாலு நாள் பேசல.

இதுக்கு நடுவுல வெடியால எந்திரிச்சா தலை கிர்ருன்னு சுத்துது, ஒருக்கா செவுத்தப் புடிச்சுட்டுத்தான் நின்னேன். அதையும் இதோட சேத்து முடிச்சுப் போட்டுக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் செவுத்துலயும் கரெண்டுக் கம்பத்துலயும் ஒட்டியிருப்பாங்களே, ஆண்மைக் கொறைவா, வாரம் ஒரு நாள் லாட்ஜ்ல டாக்டர் வர்றாருன்னு, அந்த நோட்டீஸ் நம்பர போன்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தனுங்க. கட்டிங் மாஸ்டருகிட்ட பாதியச் சொன்னதுக்கு அவரு பர்ஸிலிருந்து வயாகரா மாதிரி நீல மாத்திரை ஒன்ன எடுத்துக் குடுத்தாரு, இதப் போடு எல்லாம் சரியாயிரும்னு. நல்ல வேளை சட்டைப் பாக்கெட்லயே கெடந்துச்சு, போடல. அது எவ்வளவு நல்ல வேளைன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.

எங்க யூனிட்ல ஓவர்லாக் ஓட்டற அக்கா ஒன்னு, அவங்க ஊட்டுக்காரரு இங்கதான் காட்டுனாரு, "நிறுத்தி நெதானமாச் சொல்லுவாருங்ணா, போய்ப் பாருங்க"ன்னுச்சு. அப்படித்தான் இந்தக் கிளினிக்குக்கு வந்தேன். பழைய ஊட்டையே கிளினிக்கா மாத்தியிருக்காங்க, முன்னாடி ஒரு வேப்பமரம், அதுக்கடியில நாலு பெஞ்சு. டோக்கன் 34. பொழுதோட 6 மணிக்குப் போனவங்க உள்ள போறப்ப மணி எட்டே முக்காலு. ஊட்டுக்காரியும் கூட வந்திருந்தா, அவள வெளிய ஒக்காரச் சொல்லீட்டு நான் மட்டும் உள்ள போகப் பாத்தேன், டாக்டரே எட்டிப் பாத்து "அம்மிணி நீயும் வா"ன்னு கூப்புட்டாரு. உள்ள ஒரு சேருதான் இருந்துச்சு, நர்ஸம்மாவ விட்டு ஒரு ஸ்டூலு போடச் சொன்னாரு.

அவரு டேபிள்ல பூஸ்ட் பாட்டில் சைஸுக்கு ஒரு கண்ணாடி பாட்டிலு இருக்குதுங்க. பூரா பேசண்டுகளோட கல்லு. எள்ளாட்டம், கடுகாட்டம், கொள்ளாட்டம், ஒன்னு ரெண்டு அவரைக்கொட்டையாட்டம், கருப்பு பழுப்பு மஞ்சள்னு, மொளப்பாலிகைக்கு வெச்ச நவதானியம் மாதிரி. இவ சின்னப் புள்ளையாட்டம் அதையே பாத்துட்டிருந்தா. அவரு சிடி படத்த லைட்ல வெச்சு அந்த வெள்ளப் புள்ளியக் காட்டுனாரு. அப்பறம் மாத்திரை அட்டையத் திருப்பிப் பாத்தாரு. பாத்துட்டு அவரு கேட்ட மொதக் கேள்வி, "இது போட ஆரம்பிச்சப்பறம் ராத்திரியில ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சுதா தம்பி, வெளிய வராம இருந்துச்சா?"

எனக்குப் பேச்சே வல்லீங்க. இவதான், "ஆமாங் சார்"னா. டக்குன்னு. நாலு நாள் மொவத்தத் தூக்கி வெச்சிருந்தவ.

அவரு சிரிக்கல, கதவச் சாத்தச் சொல்லீட்டு ஒரு பேப்பர்ல படம் போட்டாரு. டாம்சுலோசின் அடி வயித்துல இருக்கற சதையத் தளத்தி விடற மாத்திரையாமா. மூத்திரக் கொழாயோட அடிப்பகுதி தளந்தா கல்லு எறங்கும், அதுக்குத்தான் குடுக்கறது. ஆனா மூத்திரப்பையோட கழுத்துலயும் அதே சதைதான் இருக்குது, அதுவும் தளந்து போயிரும். சாதாரணமா உச்சத்துல அந்தக் கழுத்து இறுக்கி மூடிக்கும், விந்து முன்னாடி வரும். மூடலைன்னா பின்னாடி பைக்குள்ள போயிட்டு மூத்திரத்தோட வெளிய போயிரும், சில பேருக்கு உள்ள ஊறி வர்றதே கொறஞ்சு போயிரும். வலி கெடையாது, கெடுதல் கெடையாது, மாத்திரைய நிறுத்துனா சில நாள்ல பழையபடி ஆயிரும். எல்லாருக்கும் வராது, ஆனா வரும்னு சொல்லித்தான் குடுக்கோணும், கொழந்தைக்குப் பாத்துட்டு இருக்கறவங்களுக்குக் கட்டாயமாச் சொல்லோணும்னாரு. தல சுத்தலும் இதே மாத்திரைதான், ரத்தக் கொதிப்பக் கொறைக்கற குணம் அதுக்கு உண்டு, படுக்கையில இருந்து டக்குன்னு எந்திரிக்கக் கூடாது. அப்பத்தான் நான் பாக்கெட்ல இருந்த நீல மாத்திரைய எடுத்து வெச்சேன். அவரு மொவம் மாறிப் போச்சு. ரெண்டும் சேந்தா பிரசர் சரசரன்னு எறங்கி கீழ விழுந்து மண்டை ஒடையும், கேக்காம கொள்ளாம இதெல்லாம் போடாதீங்கன்னு அதைய வாங்கி குப்பையில போட்டாரு.

நான் அதுல பாதி கேட்டிருப்பன், மீதி காதுல ஏறல. இவ என்ர கைய டேபிளுக்கு அடியில புடிச்சுட்டிருந்தா.

அப்பறம் அவதான் கேட்டா, இவருக்குக் கல்லு இருக்கறப்ப நாங்க ஒன்னா இருந்ததால எதாச்சும் ஆயிருக்குமா, எனக்கு ஒட்டிக்குமா, சூடுன்னு சொல்றாங்களேன்னு. ஒட்டாது, அது மூத்திரத்துல இருக்கற உப்பு கட்டிப்படறது, விந்துக்கும் அதுக்கும் சம்பந்தமேயில்ல, அடக்கி வெச்சா கல்லாகறதும் இல்ல, எச்சா இருந்தா கல்லாகறதும் இல்ல. வலி இருக்கறப்ப யாருக்கும் அந்த நெனப்பே வராது, வலி இல்லாதப்ப தாராளமா இருக்கலாம்னாரு. அதோட விடல. "இன்னும் ஒன்னு சொல்றேன், சிரிக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சாரு.

துருக்கியில அங்காரான்னு ஒரு ஊரு, அங்க ஆஸ்பத்திரியில 75 ஆம்பளைங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 2015ல யூராலஜி பத்திரிகையில வந்துச்சாம். எல்லாருக்கும் கொழாயோட அடிப்பகுதியில 6 மில்லி, இல்ல அதுக்குக் கம்மியான கல்லு, கிட்டத்தட்ட என்ர கேஸு மாதிரியே. மூனு குரூப்பாப் பிரிச்சு, ஒரு குரூப்ப வாரத்துக்கு 3, 4 தடவை சம்சாரத்தோட இருக்கச் சொன்னாங்க, ஒரு குரூப்புக்கு இந்த டாம்சுலோசின், இன்னொன்னுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ரெண்டு வாரம் கழிச்சு எண்ணிப் பாத்தா மொதக் குரூப்புல 31 பேருக்கு 26 பேருக்குக் கல்லு விழுந்துருச்சு, மாத்திரைக் குரூப்புல 21க்கு 10, சும்மா இருந்தவங்கள்ல 23க்கு 8. காரணம் என்னன்னா, ஆசை வர்றப்ப ஒடம்புல நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒன்னு சொரக்கும், ரத்தக் கொழாய விரிக்கறது அதுதான், அது செய்யற இந்த வேலையக் கண்டுபுடிச்சவங்களுக்கு 1998ல நோபல் பரிசே குடுத்தாங்களாம், அதே சமாச்சாரம் மூத்திரக் கொழாயோட அடிச் சதையையும் தளத்தி விடுதுன்னு அவங்க சொல்றாங்க.

இவ முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. எனக்கு மனசுக்குள்ள என்ன ஓடுச்சுன்னா, லைன் வீடு, ஒரு ரூமு, பையன் ஒரு பக்கம் அம்மாயி ஒரு பக்கம், இதுல வாரத்துக்கு நாலுன்னா துருக்கிக்காரனுக்கு ஊடு பெருசா இருக்கும்போலன்னு.

ஆனா இதுலதான் இந்த டாக்டர எனக்குப் புடிச்சுது. நல்ல செய்தியச் சொல்லீட்டு அதோட நிறுத்தல. ரொம்ப நம்பாதீங்க, 75 பேருன்னா சின்ன ஆராய்ச்சி, அதே ஆராய்ச்சியில நாலு வாரம் ஆனப்பறம் பாத்தா மூனு குரூப்புக்கும் பெருசா வித்தியாசமில்ல, சித்தெ முன்னாடி விழுகுது அவ்வளவுதான். 5 மில்லிக்குள்ள இருந்தா பத்துப் பேர்ல ஆறேழு பேருக்கு எதுவும் பண்ணாமயே வந்துரும். இந்த மாத்திரைக்கும் அதே கதைதான், பிரிட்டன்ல ஆயிரத்துச் சொச்சம் பேர வெச்சு 2015லயே பாத்தப்ப மருந்தே இல்லாத மாவு மாத்திரைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, சித்தெ பெரிய கல்லுக்கு வேண்ணா ஒதவும்னு இப்பவும் குடுக்கறம், அதனால நீங்க ரெண்டாவதுக்குப் பாக்கறீங்கன்னா நிறுத்திக்கலாம் தப்பில்லன்னாரு. பொம்பளைங்களுக்குக் கல்லுன்னா இந்தக் கணக்க எடுத்துட்டு வரக்கூடாது, பாத்தது ஆம்பளைங்கள. அப்பறம் இவள நேராப் பாத்து ஒன்னு சொன்னாரு, "இது மருந்துச் சீட்டு இல்ல அம்மிணி, உனக்கு இஷ்டமிருந்தா, ஒடம்பு ஒத்துழைச்சா. டாக்டரு சொன்னாருன்னு இவன் வந்து நின்னான்னா முடியாதுன்னு சொல்லு." இத ஒரு டாக்டரு சொல்லி நான் கேட்டதேயில்லீங்க. வர்ற வழியில வண்டியில பின்னாடி ஒக்காந்துட்டு இவ, "டாக்டரு சொல்லிட்டாரு, நான் முடியாதுங்கலாமாமா"ன்னு ஊடு வர்ற வரைக்கும் சிரிச்சுட்டே வந்தா.

மாத்திரைய அன்னிக்கே நிறுத்தியாச்சு, வலிக்கு மட்டும் தேவைப்பட்டா போட்டுக்க ஒன்னு எழுதிக் குடுத்தாரு. எப்ப ஓடி வரோணும்னு அட்டையிலயே தமிழ்ல அவரு கையெழுத்துல எழுதிக் குடுத்தாரு, குளுரு சொரம் வந்தா, மூத்திரம் வராம நின்னு போனா, வாந்தி நிக்காட்டி, வலி மாத்திரைக்கு அடங்காட்டி, ராத்திரின்னு பாக்கக் கூடாது. அடைப்புக்கு மேல சொரம் சேந்தா அது கல்லு வைத்தியமில்ல உசுரு வைத்தியம்னு சொன்னாரு. நாலு வாரத்துல விழுகலைன்னா உள்ள டியூப் விட்டு எடுத்துக்கலாம், அதுக்கு மேல கெடப்புல போடக் கூடாது, கிட்னி பாழாப் போயிரும்.

பொறகு டீ வடிகட்டி. மருந்துக் கடையில தனியா எதுவும் வாங்க வேண்டாம், ஊட்டு டீ வடிகட்டில புடிச்சுப் பாருங்கன்னாரு. புதுசா பச்சைக் கலர்ல ஒன்னு 20 ரூவாய்க்கு வாங்கி பாத்ரூம் ஆணியில மாட்டி வெச்சிருந்தம், அம்மாயி தெரியாம அதைய எடுத்துட்டுப் போயி அடுப்படியில வெச்சுருச்சு, நல்ல வேளை டீ போடறதுக்குள்ள இவ பாத்துட்டா. 11வது நாளு, ஞாயித்துக்கெழம வெடியால, எரிச்சலோட ஒரு சுருக்கு, வடிகட்டியில டிக்னு சத்தமே கேட்டுச்சுங்க. கொத்துமல்லி வெதையில பாதி இருக்கும், பழுப்பா, விரல்ல வெச்சு உருட்டுனா நெருஞ்சி முள்ளாட்டம் குத்துது. இது உள்ள கெடந்து உருண்டதுக்கு நான் கட்டிங் டேபிளுக்கு அடியில சுருண்டது தப்பேயில்லன்னு தோனுச்சு. சின்ன மாத்திரை டப்பாவுல போட்டுக் கொண்டு போனம், லேபுக்கு அனுப்பிப் பாத்தா கால்சியம் ஆக்சலேட், எச்சாப் பேருக்கு வர்றது அதுதானாமா. நடுவுல அந்த 11 நாள்ல எத்தனை தடவைன்னு கேக்காதீங்க, துருக்கிக் கணக்கெல்லாம் எட்டல. தண்ணியா, பூளைப்பூவா, தானா விழுந்துச்சா, இல்ல அதுனாலயான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். "எல்லாருமே பங்கு கேப்பாங்க, விடு"ன்னாரு. மாத்திரைய நிறுத்துன நாலாவது நாளே அந்த விசயமும் பழையபடி ஆயிருச்சு, எனக்குக் கல்லு விழுந்த சந்தோசத்த விட அதுதான் பெருசு, பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டுக்கும் சொன்னாரு, ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டரு மூத்திரம் போற அளவுக்குத் தண்ணி, எவ்வளவு குடிக்கறீங்கங்கறது கணக்கில்ல எவ்வளவு போகுதுங்கறதுதான் கணக்கு, வேர்க்கற வேலைன்னா இன்னும் எச்சா. உப்பு கம்மி, கறி அளவா, பாலு தயிர நிறுத்தக் கூடாது, எலுமிச்சந் தண்ணி நல்லது. தக்காளி வெதைதான் கல்லாகுதுங்கறது சும்மா கதை. வாழத்தண்டு குடிச்சா குடிங்க தண்ணியாச்சு உள்ள போகுது, பீரு வேண்டாம். சப்பத் தண்ணியத் திட்டறத விட்டுட்டு மொதல்ல ஏதாச்சும் ஒரு தண்ணியக் குடிங்கன்னு ஒரு குத்து வேற.

இவர நம்பி என்ர மச்சானையும் கூட்டிட்டு வந்தேன், இவளோட அண்ணன், பல்லடத்துல தறி வெச்சிருக்காரு. அவருக்கு வேற ஊர்ல வேற ஆஸ்பத்திரியில டியூப் விட்டுக் கல்ல ஒடச்சு எடுத்து உள்ள டிஜே ஸ்டென்ட்னு ஒரு மெல்லிசு டியூப் வெச்சு அனுப்பிட்டாங்க. ரெண்டு முனையும் ஜே எழுத்தாட்டம் வளஞ்சிருக்கும், ஒன்னு கிட்னியில ஒன்னு மூத்திரப்பையில மாட்டியிருக்கும், கொழாயி வீங்கி அடைச்சுக்காம இருக்கறதுக்கு. நெனச்சு நெனச்சு மூத்திரம் வரும், போறப்ப முதுகுல இழுக்கும், ரத்தமாட்டம் வரும். மனுசன் அது எல்லாம் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு பொண்டாட்டி இருக்கற ரூமுக்கே போகாம நாலு மாசமா வாசல்ல கட்டில் போட்டுப் படுத்திருக்காரு, அவரு பொண்டாட்டி, என்ர நங்கை, எங்கிட்டச் சொல்ல முடியாம இவகிட்டச் சொல்லி அழுதிருக்குது. கொடுமை என்னன்னா அந்த ஸ்டென்ட்ட ஒரு மாசத்துல வந்து எடுக்கோணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல இங்கிலீசுல எழுதியிருக்குது, யாரும் வாய்ல சொல்லல, இவரு சீட்ட பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு.

இங்க டாக்டரு படத்தப் பாத்தவொடனே மக்யா நாளே வரச் சொல்லி, மரத்துப் போற ஜெல்லு வெச்சு கேமரா டியூப்ல எடுத்துட்டாரு, பத்து நிமிசம். எடுத்தத ட்ரேயில வெச்சுக் காட்டுனாரு, நீலக் கலரு டியூப்பு, முனையில சுண்ணாம்பு அப்புன மாதிரி கட்டியிருக்குது, இன்னும் ஒரு ஆறு மாசம் விட்டிருந்தா அதுவே ஒரு கல்லாயிருக்கும், எடுக்க ஆப்பரேசன்தான்னாரு. அந்த விசயத்துக்கும் மச்சானுக்கு அவரா சொன்னாரு, ஸ்டென்ட் உள்ள இருந்தாலும் ரத்தம் நின்னு எரிச்சல் அடங்கிட்டா ஒன்னா இருக்கறதுக்குத் தடையில்ல, சித்தெ வலிக்கும் சித்தெ செவப்பாப் போகும், அதுக்குப் பயப்பட வேண்டாம். சில பேருக்கு நூல் வெளிய தொங்க விட்டிருப்பாங்க, அவங்க மட்டும் எடுக்கற வரைக்கும் இருக்கக் கூடாது, இழுத்துட்டு வந்துரும். "நாலு மாசம் வாசல்ல படுத்ததுக்கு நீ எங்கிட்ட ஒரு நாள் வந்திருக்கலாமே"ன்னாரு. மச்சான் அன்னிக்கி ராத்திரியே கட்டில எடுத்து உள்ள போட்டாச்சுன்னு நங்கை போன்ல சொல்லுச்சு.

செலவுன்னு பாத்தா டாக்டரு பீஸு 400, ஒரு வாரத்துக்குள்ள மறுக்கா வந்தா வாங்கறதில்ல. ஸ்கேன் இங்க இல்ல, வெளிய எழுதித் தர்றாரு, என்ர பழைய சிடியே போதும்னு புதுசா எடுக்கச் சொல்லல, அதுலயே எனக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். மருந்துக் கடை உள்ளயே இருக்குது, அங்கதான் வாங்கோணும்னு கட்டாயமில்ல.

அஞ்சு ஸ்டாரு குடுக்காததுக்குக் காரணம் டாக்டரு இல்லீங்க, முன்னாடி டேபிள்ல இருக்கற அம்மா. உள்ள கதவச் சாத்தி அவ்வளவு நாசூக்காப் பேசறாரு, வெளிய வந்தா இந்தம்மா நாப்பது பேரு முன்னாடி, "டோக்கன் 34, மூத்திரத்துல எரிச்சல் இன்னும் இருக்குதாங்க? விந்து டெஸ்ட் உங்களுக்கா அடுத்தவருக்கா?"ன்னு கத்துது. அடுத்தவரு எங்கூரு மளிகக் கடைக்காரரு, என்னையப் பாத்துட்டு பேப்பர்ல மொவத்த மறச்சுக்கிட்டாரு. நானும் அவரப் பாக்கல. இத டாக்டரு காதுல போட்டாச்சு, சொல்லி வெக்கறேன்னாரு, அடுத்த தடவை போனப்ப சத்தம் பாதியாக் கொறஞ்சிருந்துச்சு, இன்னும் பாதி பாக்கி. பாத்ரூம் ஒன்னே ஒன்னு, யூராலஜி கிளினிக்குல பாத்ரூம் ஒன்னுன்னா எப்படிங்க, லிட்டரு கணக்குல தண்ணி குடிச்சுட்டு வந்த பத்துப் பேரு வரிசையில கால மாத்தி மாத்தி நிக்கறது பாவமா இருக்குது. கார் நிறுத்த எடம் கெடையாது, டூவீலர்ல போறதுதான் நல்லது.

டோக்கன் வெடியால ஏழரைக்குக் குடுக்க ஆரம்பிக்கறாங்க, போன்லயும் போடறாங்க ஆனா போன எடுக்கற வரைக்கும் விடாம அடிக்கோணும். திங்கக்கெழம கூட்டம் அள்ளும், செவ்வாய் புதன்னா எட்டு மணிக்குள்ள ஊடு வந்தரலாம். ஊட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போங்க, எப்படியும் அவரே எட்டிப் பாத்துக் கூப்புட்டுருவாரு, ஸ்டூலு இப்ப ரெண்டு போட்டிருக்காங்க.